கேள்வி-பதில்: வழியை மறக்கும் யந்திரம்

கேள்வி (தீருவில்): 1938இல் ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை கொண்டுசென்றவர்களின் ஊரிலே, எங்கள் வாசிகசாலையின் விண்டோஸ் எக்ஸ்பி கணினி, கரண்ட் போய் வந்ததும் மதிலுக்கப்பால் உள்ள கட்டடத்தின் வலையமைப்புக்குப் போகும் வழியை மறந்துவிடுவது நியாயமா?

பதில்: நியாயமே; தாங்கள் அதற்கு வழியைச் சொன்னீர்களேயன்றி எழுதிக் கொடுக்கவில்லை. ‘ரூட் ஆட்’ என்று மாத்திரம் கட்டளையிட்டால், அவ்வழி யந்திரத்தின் தற்காலிக ஞாபகத்தில் தங்கி, மின்சாரம் அற்ற க்ஷணத்திலேயே அழிந்துபோகும். ‘ரூட் -பி ஆட் 192.168.20.0 மாஸ்க் 255.255.255.0 192.168.1.2’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுவீர்களாயின், அந்தச் சிறிய ‘-பி’யின் பயனாக வழி ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டு, ஒவ்வொரு முறை கணினி விழிக்கும்போதும் தானே உயிர்பெறும். முதலில் வருவது அந்தக் கட்டடத்து வலையமைப்பின் இலக்கம். கடைசியில் வருவது அங்கே கொண்டுசெல்லும் ரவுட்டருக்குத் தங்கள் பக்கத்தில் உள்ள இலக்கம். இரண்டையும் தங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்க.

கேள்வி (ஊரிக்காடு): உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பற்றரியை மாற்றினால் இந்த மறதி தீரும் என்கிறார்களே?

பதில்: அந்த 3 வோல்ற்றுப் பற்றரி காப்பது கடிகாரத்தையும் பயோஸ் அமைப்புகளையுமே. நேரம் பிழைத்தால் அதை மாற்றுங்கள். வழி பிழைத்தால் பணத்தை மிச்சம்பிடியுங்கள்.

கேள்வி (தொண்டைமானாறு): என்னுடையது பழைய டெபியன் லினக்ஸ். ஆர்.சி. லோக்கல் கோப்பில் வழியை எழுதிவைத்தும், சில வேளைகளில் அது காணாமற்போகிறது. காரணம் என்ன?

பதில்: அக்கோப்பு கணினி தொடங்கும்போது ஒருமுறை மாத்திரமே வாசிக்கப்படுவது. இடையிலே வலையமைப்பு அட்டையை நிறுத்தி மீண்டும் இயக்கினால், அட்டையோடு வழியும் போய்விடும். அட்டை திரும்பி வரும், வழி வராது. ஆதலால் ‘இன்டர்பேசஸ்’ என்னும் கோப்பிலே, அந்த அட்டைக்குரிய பகுதியின் கீழ், ‘அப்’ என்று தொடங்கும் வரியாக வழியை எழுதிவிடுங்கள். அட்டை எழும்போதெல்லாம் வழியும் உடன் எழும்.

கேள்வி (கம்பர்மலை): நிரந்தரமாக எழுதிய வழி, புதிய ரவுட்டர் வைத்த பின்னர் பலனளிக்கவில்லையே?

பதில்: புதியவரின் இலக்கம் வேறாயிருக்கும், கணினியோ தாங்கள் எழுதிக் கொடுத்த பழைய இலக்கத்துக்கே விசுவாசமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. ‘ரூட் டிலீட்’ என்று பழையதை நீக்கிப் புதியதை எழுதுங்கள். அதனினும் மேலானது, வழிகாட்டும் ரவுட்டருக்கு மாறாத இலக்கமொன்றை முதலிலேயே கொடுத்துவிடுவது. சாசுவதமாக எழுதப்படும் எதுவும் சாசுவதமான ஒன்றையே சுட்டவேண்டும்.

கேள்வி (பொலிகண்டி): எக்ஸ்பி கணினியை இனி எறிந்துவிடுவதுதானே புத்தி?

பதில்: அன்று. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8உடன் நின்றுவிட்டமையால் அதை இணையத்தில் உலவவிடுவது அபாயம் என்பது மெய். ஆயினும் நூற்பட்டியலையும் கணக்கையும் காக்க அதற்கு இன்னும் திராணியுண்டு. அதன் இலக்கத்தைக் கையால் எழுதி, ‘டிபோல்ற் கேற்வே’ என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டு, அடுத்த கட்டடத்துக்குரிய நிரந்தர வழியை மாத்திரம் கொடுத்தால், வெளியுலகுக்குப் போகும் பாதை அதற்கு இராது. வேண்டிய இடத்துக்கு மாத்திரம் போய்வரும்.

கேள்வி (ஊறணி): எழுதியது நிலைத்ததென்று எப்படி அறிவது?

பதில்: விண்டோஸில் ‘ரூட் பிரின்ட்’ என்று கேட்டால், பட்டியலின் அடியிலே ‘பெர்சிஸ்டன்ட் ரூட்ஸ்’ என்ற தலைப்பு வரும், அதன் கீழ் ‘நன்’ என்றிருந்தால் ஒன்றும் எழுதப்படவில்லை என்பது பொருள். அம்மட்டில் திருப்தியடையாமல், கணினியை முறைப்படி அணைத்து மீண்டும் எழுப்பி, எதிர்க் கட்டடத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். 2022இல் 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நாம், இந்தப் பரீட்சையை மின்சாரசபையின் கையில் விடாது நாமே நடத்திக்கொள்வது நல்லது. தேறியதும் அக்கட்டளையை ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தங்களுக்குப் பின் பொறுப்பேற்பவருக்கும் வழி தெரியவேண்டுமல்லவா?