‘ஏ’ வரைக்கும் பண்டிதர்

கொல்கத்தாவில் கரியாஹாட்டின் சேலைக் கடைகளைத் தாண்டி கோல்பார்க் பக்கம் நடந்தால் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ (1949) இங்கே இன்னும் ராஜா. பக்கத்திலேயே தலையணை கனத்தில் பழைய ஜிஆர்இ தேர்வுக் கையேடுகள். எதிர்ச்சொல் கேள்விகளை அந்தத் தேர்விலிருந்து 2011-லேயே தூக்கிவிட்டார்கள். கையேட்டுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஒன்றைப் புரட்டினால், சொற்பட்டியலில் ‘ஏ’ வரிசை முழுக்கப் பென்சில் கோடு, ஓரத்தில் பொடியாக வங்காளத்தில் அர்த்தம். ‘பி’யில் கோடு தள்ளாடுகிறது. ‘சி’ வருவதற்குள் கல்யாணமோ சர்க்கார் உத்தியோகமோ குறுக்கிட்டிருக்க வேண்டும். அப்புறமெல்லாம் அச்சான மேனிக்கு அப்படியே. விலையைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் அசரவில்லை: “முக்கால்வாசி புதுசு, தாதா!”