மட்காடு இல்லையப்பா, மட்கார்டு!

ரிட்டையரான இங்கிலீஷ் வாத்தியாரை வீட்டில் காணோமென்றால் சைக்கிள் கடையில் பாருங்கள். டீக்கடை பெஞ்சை விட்டுவிட்டு அங்கே போய் ஏன் உட்காருகிறார் என்றால், திருத்துவதற்கு இவ்வளவு இங்கிலீஷ் ஒரே இடத்தில் வேறெங்கும் சிந்திக் கிடக்காது. சட்டைப் பையில் சிவப்புப் பேனா இப்போதும் உண்டு.

"அண்ணே, மட்காடு ஆடுது" என்று ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான்.

"காடா? மரம் மட்டை இருக்கா அதுல? மட்கார்டு! மட் என்றால் சேறு, கார்டு என்றால் காவல்."

வந்தவன் தலையாட்டுவான். கடைக்காரர் ஸ்பானரால் நட்டை அரைச்சுற்று முறுக்குவார். மட்காடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளும்.

'ஸ்போக்ஸ் கம்பி' என்று காதில் விழுந்தால் வாத்தியாருக்கு உடம்பெல்லாம் எரியும். ஒன்று ஒடிந்தால் ஸ்போக், இரண்டு ஒடிந்தால்தான் ஸ்போக்ஸ். அதுவே கம்பிதானே, பின்னால் இன்னொரு கம்பி எதற்கு? முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்ற கணக்குகூட அவருக்குத் தெரியும். ஒடிந்ததைக் கழற்றத்தான் தெரியாது. ஓவராயில் கதை தனி. அது ஓவர்ஹால், வண்டியை அக்கக்காகப் பிரித்துத் துடைத்து மாட்டுவது என்று பத்து வருஷமாகச் சொல்கிறார். "ஆயில் போடாம எப்படி சார் மாட்டுறது?" என்று கடைக்காரரும் பத்து வருஷமாகக் கேட்கிறார்.

ஒரு விஷயத்தில் நியாயம் வாத்தியார் பக்கம்தான். நாம் பால்ரஸ் என்று சொல்லி அள்ளுவது வெறும் பால். ரேஸ் என்பது அந்தக் குண்டுகள் உருளும் தடம். ஓடுகிறவனுக்கு மைதானத்தின் பெயரை வைத்துவிட்டோம். ஆனால் பால்ரஸ் என்று கேட்டால்தான் கடையில் குண்டு கிடைக்கும். பால் என்று கேட்டால் பக்கத்து டீக்கடையைக் காட்டுவார்கள்.

போன வாரம் அவர் சைக்கிளிலேயே காற்று நிற்கவில்லை.

"வால்டியூப் போயிருக்கு சார்."

"என் சைக்கிளுக்கு ஏதப்பா வாலு? வால்வ் டியூப்! பெல்ஃபாஸ்ட்ல டன்லப்னு ஒரு மாட்டு டாக்டர், 1888-ல, காத்தடைச்ச டயருக்குக் காப்புரிமை வாங்கினப்போ..."

அவர் பெல்ஃபாஸ்ட் நகரத்தைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு துண்டு நறுக்கி, எச்சில் தொட்டு வால்வில் ஏற்றி, காற்றடித்து, அதன் வாயில் மறுபடி எச்சில் வைத்துக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தும் முடித்திருந்தார். கையோடு கிராங்கைப் பிடித்து ஆட்டியவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சார், பி.பி. ரொம்ப லூசா இருக்கு."

"லூஸ் இல்லையப்பா, லோன்னு சொல்லணும். அதுவும் தப்பு. காலையிலதான் பார்த்தேன், 130-க்கு 80."

"உங்களுக்கு இல்ல சார், வண்டிக்கு."

வண்டிக்கு ஏது பி.பி.? வாத்தியார் பேச்சில்லாமல் நின்றார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்த பையன் தலை நிமிராமல் சொன்னான்: "பாட்டம் பிராக்கெட் சார். கிராங்க் அச்சு ஓடுற கூடு. அட்டைப்பெட்டியிலயே போட்டிருக்கும்."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பிசுபிசுத்த பெட்டியை வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தார். ஒரு பிழையும் இல்லை.