செடியியல்: மொட்டை மாடிக்கு ஓர் இலக்கணம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கண்ட தமிழில் தொட்டிச் செடிக்கு இலக்கணம் இல்லாதது பெருங்குறை. தொல்காப்பியர் தொடங்கித்தான் வைத்தார். வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புல், உட்புறம் வயிரம் பாய்ந்தவை மரம் என்று மரபியலில் பகுத்துவிட்டுப் போனார். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்லினம். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைப் பிரிவில்தான் வைத்திருக்கிறது என்பதால் அவரைக் குறைசொல்ல வழியில்லை. ஆனால் மே மாதத்து மாடியில் எது பிழைக்கும், எது சாகும் என்பதை அவர் சொல்லாமல் விட்டார். அக்குறை நீக்கவே இந்நூல். சிறப்புப்பாயிரம் தர ஆள் கிடைக்காததால் நேரே உள்ளே போவோம்.

முதலில் பிறர் மதம் மறுத்தல். பள்ளிப் பாடநூல் செடிகளை ஒருபருவம், இருபருவம், பலபருவம் என மூன்றாக்கும். குளிர்காலம் வந்து களத்தைக் கூட்டிப் பெருக்கிவிடும் நாடுகளுக்கு அது பொருந்தும். நித்தியகல்யாணியைப் பாருங்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த அச்செடி நம் ஊர்ச் சுவர் வெடிப்பில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் பூக்கிறது. சிகாகோவில் அதையே ஒருபருவப் பூச்செடி என்று எழுதி விற்கிறார்கள். முதல் உறைபனியோடு அதன் கதை முடிந்துவிடும். செடி ஒன்று, ஆயுள் இரண்டு. எனவே ஆயுளை வகுப்பது இடமே என்பது நம் துணிபு.

இதை அமெரிக்கரும் ஒருவாறு உணர்ந்தனர். அந்நாட்டு வேளாண் துறை 1960இல் வெளியிட்ட வரைபடம், ஆண்டின் கடுங்குளிர் எவ்வளவு என்பதைக் கொண்டு நிலத்தைப் பகுத்தது. இன்று அதில் 13 மண்டலங்கள். அந்த முறையில் சென்னையை அளந்தால் கடைக்கோடியில் இடம் கிடைக்கும். உங்கள் செடி எதுவும் பனியில் சாகாது என்பது அதன் பொருள். மிக்க நன்றி. 1997இல் அங்குள்ள தோட்டக்கலைச் சங்கம் வெயிலுக்கும் ஒரு வரைபடம் போட்டது. 30 டிகிரியைத் தாண்டும் நாள்களை எண்ணி, 210 நாளுக்கு மேல் போனால் 12ஆம் மண்டலம் என்று நிறுத்திக்கொண்டது. அதற்கு மேல் மனிதர் செடி வளர்க்கமாட்டார் என்று நினைத்தார்கள் போலும்.

இனி நம் மதம். செடிகள் சாகும் விதத்தால் வகைப்படும்.

முதல் வகை முற்று. விதைத்து, முளைத்து, பூத்து, விதை தந்து தன் வினையை முடித்துக்கொள்பவை. சிறுகீரை, தண்டுக்கீரை, கொத்துமல்லி இதில் அடங்கும். இவற்றால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஆகவே இலக்கணிகளுக்கும் இங்கே வேலை இல்லை.

இரண்டாவது எச்சம். முட்டைக்கோஸும் ஐரோப்பிய வகைக் கேரட்டும் இருபருவச் செடிகள். முதல் ஆண்டு உணவைச் சேர்த்து வைத்து, பல வாரக் குளிரை அனுபவித்த பிறகே பூந்தண்டு விடும். சமவெளியில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? மார்கழியில் நாம் போர்த்திக்கொள்வது கோஸுக்குக் கணக்கில்லை. விதை எடுக்க இமயமலைப் பக்கம் போகவேண்டும். மாடியில் அது முடியாத வினை. நாமும் முடியவிடாமல் பொரியல் செய்துவிடுகிறோம்.

மூன்றாவது, ஆயுள் இருந்தும் சாகடிக்கப்படுபவை. கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் வெப்பநாடுகளில் பல ஆண்டு வாழக்கூடியவை. காய்ப்பு ஓய்ந்ததும் பிடுங்கிப் போடுவது நம் வழக்கம். கத்தரியைக் கவாத்து செய்து எருவிட்டால் மறுதாம்பு துளிர்த்து மறுபடி காய்க்கும் என்பது விவசாயிகள் அறிந்தது. இதற்கு நேர்மாறு பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 முருங்கை. அதற்கு ஓராண்டு முருங்கை என்று பெயர். வெட்டிவிட்டால் இரண்டு மூன்று ஆண்டு காய்க்கும். பெயரில் ஓராண்டு, தோட்டத்தில் மூன்றாண்டு. இதை வழுவமைதி எனக் கொள்க.

நான்காவது, பூத்ததும் போவன. வாழை ஒரு குலை தள்ளிவிட்டு, வாரிசாகப் பக்கக்கன்றை நிறுத்திவிட்டுச் சாயும். தாளிப்பனை 30 முதல் 80 ஆண்டுவரை பொறுத்திருந்து, உச்சியில் பெரும் பூங்கொத்து ஒன்றை விரித்து, காய் முதிர்ந்ததும் பட்டுப்போகும். நீலக்குறிஞ்சிக்கு 12 ஆண்டு. 2018இல் பூத்தது, அடுத்தது 2030. இவ்வகையில் அஞ்சத்தக்கது மிசோரத்து மூங்கில். சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை காடே ஒன்றாகப் பூக்கும். அந்தக் காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயலிலும் களஞ்சியத்திலும் நெல்லில் வாய்வைக்கும். 1959இல் அப்படி வந்த பஞ்சத்தை ஒட்டி எழுந்த நிவாரண அமைப்புதான் பின்னர் மிசோ தேசிய முன்னணி ஆகி, 1966இல் ஆயுதம் ஏந்தியது. ஒரு புல் பூத்ததால் கிளர்ச்சி மூண்ட வரலாறு வேறெங்கும் உண்டா, தெரியவில்லை. 2007இல் மூங்கில் மறுபடி பூத்தது. மாடியில் மூங்கில் வைப்போர் கவனிக்க.

ஐந்தாவது, டிசம்பர் விருந்தினர். பெட்டூனியா, டேலியா, பான்சி. நர்சரியில் சிரித்துக்கொண்டு நிற்கும். மாசி கழிந்தால் இரா. இவற்றுக்குச் செலவழித்த பணம் மொய்க்கணக்கில் சேரும்.

அடுத்து நிலம். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது பழைய கொள்கை. மொட்டை மாடிக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் குறிஞ்சி, துவைக்கும் கல்லின் ஓரம் மருதம் என்று தை மாதத்தில் பிரித்து வைப்போம். மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் பிறந்ததும் ஐந்திணையும் ஒரே திணையாகிவிடும்.

அப்போது தக்காளியின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். இலை பச்சையாகத்தான் இருக்கும், மஞ்சள் பூவும் கொத்துக்கொத்தாக வரும். பூக்காம்பின் நடுவே முழங்கால் போல ஒரு கணு உண்டு. முதலில் அந்த இடம் வெளிறும். பிறகு விரல் பட்டாலே போதும், பூ அங்கே கழன்று விழுந்துவிடும். மிச்சக் காம்பு கொத்திலேயே நிற்கும். பகல் 35 டிகிரியையும் இரவு 25 டிகிரியையும் தாண்டும்போது மகரந்தம் வீரியமிழப்பதால் வரும் வினை இது. பெரும்பாலோர் பகல் வெயிலை மட்டும் பழித்து நிழல்வலை கட்டுகிறார்கள். இரவில் ஆறாத கான்கிரீட்டுக்கு எந்த வலையும் உதவாது. அதே மாதத்தில் மதுரை மல்லிகை கூடை கூடையாகப் பூக்கும். அது ஓய்வது மார்கழியில், விலை ஏறுவதும் அப்போதுதான்.

இவ்வளவு பகுத்தும் அடங்காதவை புறனடையால் கொள்ளப்படும். குப்பைமேனி எந்த வகையிலும் சேராது, எதிலும் சாகாது.

படித்தவர்க்கு ஒரு வேண்டுகோள். சித்திரையில் நர்சரிக்காரர் தக்காளி நாற்றை நீட்டினால் வாங்காதீர்கள். வெண்டையும் கொத்தவரையும் விதையாகப் போடுங்கள், வெயில் தாங்கும். தக்காளிக்கு ஆடிப்பட்டம் வரை பொறுங்கள்.