கணினிகளின் நாத பேதம்: ஒரு விசாரணை

தருக்க நூலார் உண்மையை அறிதற்குரிய பிரமாணங்களைப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்காக வகுத்தனர். அவற்றுள் சப்தம் என்பது நம்பத்தகுந்தவர் வாய்மொழியைக் குறிக்குமேயன்றிக் காதில் விழும் ஓசையைக் குறிக்காது. ஆயினும், ஒரே இசைப்பதிவு ஒரு கணினியில் தேனாகவும் மற்றொன்றில் தகரமாகவும் ஒலிப்பதாகச் சொல்வோர் பெருகிவிட்ட இக்காலத்தில், ஓசையைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டிய வழக்கிலும் வாய்மொழியே தீர்ப்பளித்துவிடுகிறதோ என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக இருந்துவந்தமையால், உலகம் வேண்டாத இவ்வாராய்ச்சியை எம் வீட்டுக் கூடத்திலேயே மேற்கொள்ளத் துணிந்தோம்.

ஆய்வுக்கு உட்பட்ட கணினிகள் மூன்று: மகன் வேலைக்குப் போனபின் அநாதையாய் நின்ற மேசைக் கணினி, எம் மடிக்கணினி, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி. பதிவோ, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. பழைய 78 சுற்று இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்டதாதலின், ஊசியின் கீறலும் உடன் கிடைத்தது.

பூர்வபட்சம் கூற வந்தவர், இசையைக் காட்டிலும் அதை இசைக்கும் பெட்டிகளில் ரசனை மிக்க எம் நண்பர். கண்ணை மூடிச் சிறிது நேரம் கேட்டவர், “மேசைக் கணினியில் நாகஸ்வரம் கம்பீரமாக நிற்கிறது, மடிக்கணினியிலோ காந்தாரம் நடுங்குகிறது. உள்ளே கடிகாரத் தடுமாற்றம், ஜிட்டர்!” என்று அருளிச்செய்தார். மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எம் பெரியம்மா தலை நிமிராமலே, “தோடியில காந்தாரம் ஆடாம வேற என்னப்பா செய்யும்? ஆடாம நின்னாத்தான் பொட்டியைத் தூக்கிக்கிட்டு ரிப்பேருக்கு ஓடணும்” என்றார். இவ்விடத்தில் பூர்வபட்சத்தின் ஒரு கால் ஒடிந்ததை, நடுநிலை பிறழாது பதிவு செய்கிறோம்.

இனி அனுமானம். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் இலக்கணமாவது, ஒலியலையை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்துவைத்தல். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேளாது. ஓர் அலையைக் குறைவின்றி மீட்க, அதன் அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது 1928-இல் நைக்விஸ்ட் வழிகாட்ட 1949-இல் ஷானன் நிறுவிய கணிதம். ஆகவே கோப்பில் கிடப்பவை வெறும் எண்களே. மூன்று கணினிகளிலும் அக்கோப்பின் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டோம். ஓர் இலக்கமும் மாறவில்லை. எண்களுக்குச் சாரீரம் கிடையாது. அவற்றை மின்னழுத்தமாக மாற்றும் ‘டாக்’ என்னும் சில்லுக்கே அது உண்டு. எனவே மூன்றையும் யூ.எஸ்.பி. வழியாக ஒரே வெளி டாக்கில் மாற்றி மாற்றி இணைக்கும் பணியை, திரைச்சீலைக்குப் பின்னால் அமர்ந்த எம் இல்லாளிடம் ஒப்புவித்து, எது எதுவென்று நண்பரைச் சொல்லச் செய்தோம். சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாலும் அவர் சொன்ன அளவுக்குச் சரியாக வந்திருக்கும்.

அப்படியாயின் பேதமே இல்லையோ எனின், உண்டு. வெளி டாக்கை நீக்கி, அதனதன் சொந்த ஹெட்போன் துளையில் கேட்டபோது சிறு கணினி மெல்லச் சீறிற்று. மேசைக் கணினியோ சுட்டியை அசைக்கும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்றது. அதனிடம் நண்பர் கண்ட கம்பீரம் யாதென வோல்ட் மீட்டர் கொண்டு சோதித்ததில், அதன் ஒலி மற்றவற்றினும் இம்மியளவு உரத்திருந்தது தெரியவந்தது. அளவைச் சமன் செய்ததும் கம்பீரம் எழுந்து போய்விட்டது. மடிக்கணினியைச் சார்ஜரோடும் ஒலிபெருக்கியோடும் பிணைத்தபோது எழுந்த ரீங்காரம், எர்த் இணைப்புகள் வளையமாய்ச் சேர்ந்ததால் புகுந்த 50 அதிர்வு மின்சாரத்தின் குரல். அதன் இரட்டிப்பாகிய 100 அதிர்வு, ஐந்து கட்டைக்குச் சற்றே மேற்பட்ட சுருதி. தம்பூராக் கலைஞரின்றி இடையறாச் சுருதி கிடைப்பது பாக்கியமே எனினும், பிள்ளையவர்களின் நாகஸ்வரம் அதற்கு உடன்படவில்லை. சார்ஜரைப் பிடுங்கினோம்; சுருதி நின்றது.

இந்நிலையில், ஆராய்ச்சியை முடித்துவைக்கவே வந்ததுபோல் மின்வெட்டு வந்தது. மின்விசிறி நின்றது, குளிர்சாதனப் பெட்டி அடங்கிற்று, அடுத்த வீட்டு மிக்ஸியும் வாய் மூடிற்று. பேட்டரியில் ஓடிய மடிக்கணினியில் ஹெட்போனை மாட்டிக்கொண்ட நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “காந்தாரம் என்ன அழகாய் ஆடுகிறது! இது எந்தக் கணினி?” என்றார். காலையில் அவர் நடுங்குகிறதென்று தள்ளிய அதே கணினிதான் என்பதை, விருந்தினர் மனம் நோகலாகாதென்று யாம் சொல்லவில்லை; பெரியம்மா சொல்லிவிட்டார்.

ஆகவே சித்தாந்தம் இது: நாதத்தைக் கெடுப்பனவற்றுள் முதலிடம் அறையின் இரைச்சலுக்கு, அடுத்தவை எர்த்தும் டாக்கும், பெட்டியின் பெயரும் விலையும் செய்யும் பேதம், திரைச்சீலை போட்டதும் மறைந்துபோம். இசையின் பொருட்டுப் புதுக் கணினி வாங்கக் கருதுவோர், கடைக்குப் புறப்படுமுன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, உள்ள கணினியிலேயே ஒருமுறை கேட்பாராக. சிறிது வியர்க்கும், செலவில்லை.