ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச். என்பவர் யார்? பெயர்ப் பிறழ்ச்சி குறித்து ஓர் ஆய்வு

மருத்துவ ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலைப் புரட்டினால் ‘ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.’ என்றொரு மேதையைச் சந்திக்கலாம். காசநோய், மலேரியா, கொரோனா என அவர் எழுதாத நோயில்லை. பிறந்த ஊர் தெரியவில்லை. திருமணமானவரா என்பதும் ஆய்வுக்குரியது. துருவிப் பார்த்தால், அவர் ஆளே அல்ல. 1948இல் தொடங்கி ஜெனிவாவில் இயங்கிவரும் உலக சுகாதார நிறுவனம்!

ஜோட்டெரோ, எண்ட்நோட், பிப்டெக் போன்ற மேற்கோள் மென்பொருள்களுக்கு ஒரே கோட்பாடுதான்: கடைசிச் சொல் குடும்பப் பெயர், மற்றவை இனிஷியல். பரிகாரமும் உண்டு. ஜோட்டெரோவில் பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பொத்தானை அமுக்கினால் இரண்டு கட்டங்களும் ஒன்றாகும். எண்ட்நோட்டில் நிறுவனப் பெயரின் முடிவில் ஒரு காற்புள்ளி. பிப்டெக்கில் இரட்டை நெளிவடைப்பு. அவ்வளவே.

தமிழர் பாடுதான் தனி அத்தியாயம். அவுல் பகீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்பதில் ஜைனுலாப்தீன் தந்தையார். பிள்ளைக்கு வைத்த பெயர் அப்துல் கலாம். மென்பொருளோ அப்துலைக் கத்தரித்து ‘கலாம், ஏ. பி. ஜே. ஏ.’ என்கிறது. சி. வி. ராமன் தப்பித்தார், வேங்கடராமன் என்ற பெயர் ஏற்கெனவே இரண்டாகப் பிளந்திருந்ததால் வெட்ட மிச்சமில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பியவர்கள் கதி இன்னும் மோசம். கட்டுரை எழுதுவது மகள். உலகம் மேற்கோள் காட்டுவது அப்பாவை. ஆய்வகப் பக்கமே எட்டிப் பார்க்காத எத்தனை அப்பாக்கள் இப்படிப் புகழ் பெற்றார்களோ!

தமிழ் எழுத்திலேயே உள்ளிட்டாலும் நிம்மதியில்லை. உ. வே. சாமிநாதையரின் ‘வே’ தந்தை வேங்கடசுப்பையரைக் குறிப்பது. யூனிகோடில் அது ‘வ’வும் ஏகாரக் குறியுமாக இரண்டு குறியீடு. முதல் குறியீட்டை மட்டும் கிள்ளும் நிரலிடம் முழுப்பெயரைக் கொடுத்தால், தமிழ்த் தாத்தா ‘உ. வ.’ ஆகிவிடுவார்.

தலைப்புகளில் தமிழுக்குத் தொல்லையில்லை. நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. ஆங்கிலத் தலைப்பில்தான் வில்லங்கம். பிப்டெக்கின் பழைய ‘பிளெய்ன்’ பாணி, கட்டுரைத் தலைப்பின் நடுவில் வரும் ராமானுஜனையும் டிஎன்ஏவையும் ஒருசேரச் சின்ன எழுத்தாக்கிவிடும். எது ஆள், எது அமிலம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஆய்வாளர்களே, அத்தகைய சொற்களை நெளிவடைப்புக்குள் பூட்டுங்கள். ஜோட்டெரோ வைத்திருப்போர் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்திட்டுச் சேமியுங்கள். இதழ் கேட்டால் மற்றவற்றைப் பெரிதாக்க மென்பொருளுக்குத் தெரியும். பெரியதில் எதைச் சிறிதாக்கலாம் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.