உலர்மலக் கோட்பாடு: நேரோபோட் வாழ்வியலில் ஒரு முன்னாய்வு

படகில் எதை ஏற்றலாம் என்பது பற்றி உலகம் வேண்டிய மட்டும் எழுதிவிட்டது. எதை இறக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள். விரிவஞ்சி, இங்கிலாந்தின் கால்வாய்களில் பலர் வீடாகவே வைத்துக்கொண்டிருக்கும் 'நேரோபோட்' என்ற ஒடுங்கிய படகோடு நிறுத்திக்கொள்கிறோம்.

'ஒடுங்கிய' என்பது வெற்று அடைமொழி அன்று. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் தம் கால்வாய்களின் நீர்ப்பூட்டுகளைச் சுமார் 7 அடி அகலத்தில் வைத்துவிட்டுப் போனார். அதனால் இந்தப் படகு இன்றுவரை 6 அடி 10 அங்குலத்தில் நிற்கிறது. அதற்குள்தான் அடுப்பு, கட்டில், புத்தக அலமாரி, நாய், கழிப்பறை எல்லாம். கழிப்பறையில் நடப்பது சமையலறைக்குத் தெரியாமல் போக வழியே இல்லை.

சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரு கூறாக நடக்கும். பிறர் மதத்தை முதலில் கூறி மறுத்து, அப்புறம் தன் மதம் நாட்டுவது மரபு. யாமும் அவ்வழியே செல்கிறோம்.

பரபக்கம். முதலாவது 'பம்ப்-அவுட்' மதம். படகின் அடியில் ஒரு தொட்டி, அது நிறைந்ததும் காசு கொடுத்து உறிஞ்சி எடுப்பது. தொட்டி பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் இருப்பதால், இம்மதத்தாரின் உறக்கம் துறவிகளின் உறக்கத்தை ஒத்தது. இரண்டாவது 'கேசட்' மதம். சுமார் 20 லிட்டர் பெட்டி. அதில் மருந்து ஊற்றி, நிறைந்ததும் தூக்கிக்கொண்டு 'எல்சன்' என்ற இடத்தில் கவிழ்ப்பது. எல்சன் ஒரு நிறுவனத்தின் பெயர். நம் ஊரில் நகலெல்லாம் ஜெராக்ஸ் ஆனதுபோல அங்கே கவிழ்க்குமிடமெல்லாம் எல்சன். கால்வாய் உறைந்து படகு நகராத குளிர்காலத்தில்தான் இவ்விரு மதத்தாரின் பக்தி உண்மையில் சோதிக்கப்படுகிறது.

தண்ணீரை நம்பிய கழிப்பறைக்குக் கடலிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்துக் கரையருகே யு-1206 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியில் கழிப்பறை வால்வு கோளாறாகிக் கடல்நீர் உள்ளே வந்தது. அது மின்கலங்களைத் தொட, குளோரின் கிளம்பியது. மூச்சுக்காக மேலே வந்த கப்பலை எதிரி விமானம் தாக்க, மாலுமிகள் தாமே அதை மூழ்கடித்தார்கள். தவறு யாருடையது என்பதில் இன்றும் இரு கட்சிகள் உண்டு. எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் அப்படித்தானே.

இனிச் சுபக்கம். உலர் மதத்தின் ஆதிகுரு டார்செட் மாவட்டத்துப் பாதிரியார் ஹென்றி மௌல். 1854இல் தம் பங்கில் காலராவைக் கண்டவர். 1860இல் உலர்மண் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். வாளியில் மலம், அதன்மேல் காய்ந்த மண், நாற்றம் இல்லை. படகுக்காரர்கள் இதனோடு சேர்த்தது பிரிவினை. முன்பக்கத் துளை வழியே சிறுநீர் ஒரு புட்டிக்கும், பின்பக்கம் மற்றது ஒரு வாளிக்கும் போகும். யாம் யாத்த நூற்பா இது:

நீரொடு திடப்பொருள் நெருங்கின் நாறும்;
பிரித்தோர் படகில் பெருநாற்றம் இன்றே.

உரை: என்னை எனின், மலத்திலுள்ள நுண்ணுயிரிகளின் நொதி சிறுநீரின் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும், ஈரம் மிகுந்து காற்று புகாவிடில் அழுகலும் சேரும். 'பெருநாற்றம்' என்றதனால் சிறுநாற்றம் உண்டென்பது பெறப்படும். அதன்பொருட்டே கணினிக்குள் இருப்பது போன்ற ஒரு சிறு 12 வோல்ட் விசிறி இராப்பகலாகச் சுழல்கிறது. சைவ சித்தாந்தம் மலம் மூன்று என்றும் அவை நீங்குதலே வீடு என்றும் கூறும். படகுச் சித்தாந்தத்தில் மலம் இரண்டு. அவை ஒன்றையொன்று நீங்குதலே வீடு.

கணக்கையும் பார்ப்போம். புட்டி 8 லிட்டர், ஆள் இருவர், தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் வரை. மூன்றாம் நாள் முடியுமுன் புட்டி நிறைந்துவிடும். வாளியோ வாரக்கணக்கில் தாங்கும். ஆண்களும் உட்கார்ந்தே தீர வேண்டும். திருமண வாழ்வில் எந்தச் சொற்பொழிவும் சாதிக்காததை ஒரு பிளாஸ்டிக் தடுப்பு சாதித்தது.

இங்கே இலக்கணச் சிக்கல் ஒன்று எழுகிறது. இதைக் 'கம்போஸ்ட் கழிப்பறை' என்கிறார்கள். மக்குவதற்குக் காலம் வேண்டும், அளவு வேண்டும், சூடு வேண்டும். கிருமி சாகக் குவியலின் உள்ளே 55 பாகை செல்சியஸ் சில நாளாவது நிற்க வேண்டும். மூன்று வாரம் வாளியில் கிடந்தது மக்கியதன்று, காய்ந்தது. சுடுகாட்டை நன்காடு என்பதுபோல, வாளியைக் கம்போஸ்ட் என்பது மங்கல வழக்கு. கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டுக்கு மங்கல வழக்கில் நம்பிக்கை போய்விட்டது. பையில் கட்டித் தன் குப்பைத்தொட்டியில் போடுவதை 2021 முடிவோடு நிறுத்தச் சொன்னது. உண்மையாகவே மக்க வைப்பவர்களுக்குத் தடையில்லை. அதற்கு இடம்? படகின் கூரைதான். விறகு, சைக்கிள், பூந்தொட்டிகளுக்கு நடுவே மூடிபோட்ட வாளிகள் பருவம் பார்த்துக் காத்திருக்கின்றன. பூந்தொட்டியில் என்ன மண் என்று கேட்பது அங்கே பண்பாடு அன்று.

கள ஆய்வு: ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் நண்பர் ஒருவரின் படகில் இரண்டு இரவு. அவர் கோவைக்காரர். வாளிக்குள் அவர் போடுவது தென்னை நார்த்தூள். செங்கல் அளவில் அழுத்தி வரும் கட்டியை நீர் தெளித்து உதிர்த்துக்கொள்வார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போகும் பொருள்தான். தேங்காயை நாம் தின்று, மட்டையின் தூளை அவர்களுக்கு இதற்காக அனுப்புகிறோம் என்பது ஏற்றுமதி அறிக்கைகளில் இவ்வளவு தெளிவாக எழுதப்படுவதில்லை.

நன்னூலார் இடக்கரடக்கல் என்று ஒன்றை வகுத்தார். 'கால் கழுவி வந்தான்' என்று பள்ளியில் படித்தோம். அந்த வழக்கின் உயிர் தண்ணீர். முதல் நாள் காலை, கையிலிருந்த சொம்போடு யாம் மரபு வழுவாது நடந்துகொண்டோம். வாளியிலிருந்து வந்த சத்தம் கேட்டு வெளியே நின்ற நண்பர், "ஏனுங்க, தண்ணி ஊத்திட்டீங்களா?" என்றார். மூன்று வார உலர்தவம் ஒரு சொம்பில் கலைந்தது. மாலைக்குள் எம் நூற்பாவின் முதலடி ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்டது. ஜன்னல்கள் திறந்தன, நாய் கரையிலேயே தங்கிவிட்டது.

பிராயச்சித்தமாக மறுநாள் புட்டியை எல்சனுக்குக் கொண்டுபோகும் பணி எமக்கு வந்தது. அரை மைல் கரைப்பாதை. எதிரே வந்த நால்வரும் 'நல்ல காலைப்பொழுது' என்றார்கள். நால்வரும் எம் முகத்தை மட்டுமே பார்த்தார்கள், கழுத்துக்குக் கீழே ஒருவர் பார்வையும் இறங்கவில்லை. இடக்கரடக்கலைக் கண்ணாலும் செய்யலாம் என்பதற்கு நன்னூலில் விதி தேடினோம். கிடைக்கவில்லை.