நான் கொடுத்த ஞாபகசக்தி

ராத்திரி பன்னிரண்டு மணி வரை கூடவே உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, காலையில் ‘வணக்கம், எப்படி உதவலாம்?’ என்று புது ஆள் மாதிரி கேட்கும் ஏஐ உதவியாளர்கள். அவற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாம் பேசுவதால் மாடலுக்குள் எதுவும் மாறுவதில்லை. பயிற்சி முடிந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். ஒரே உரையாடலுக்குள் அது கோவையாகப் பேசுவதுகூட, ஒவ்வொரு கேள்வியோடும் பழைய பேச்சு முழுவதும் திரும்பப் போவதால்தான். அதற்கு ஞாபகம் என்றால், கேள்விக்கு முன்னால் யாராவது செருகிவிடும் துண்டுச்சீட்டு.

சாட்ஜிபிடிக்கு இப்படித் துண்டுச்சீட்டு செருகும் ஞாபக வசதியை ஓபன்ஏஐ 2024 பிப்ரவரியில் அறிவித்தது. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்களையும் புரட்டிப் பார்க்க வைத்தது. நான் பேசாமல் அதைப் பயன்படுத்தியிருக்கலாம். கடையில் விற்பதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்கும் வியாதி விடவில்லை. ஒரு மாடலை என் நிரலிலிருந்து கூப்பிட ஏபிஐ சாவி வாங்கி, கொஞ்சம் பைத்தான் எழுதி, ‘ஞாபகம்’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்தேன். பேச்சு முடிந்ததும் முக்கியமானதை இதில் எழுதிவிடு என்று உத்தரவு. எது முக்கியம் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே.

அது எழுதியது. நான் சொல்லாததால் தேதி போடாமல் எழுதியது. ‘பயனருக்குத் தலைவலி.’ ‘பயனர் அவசரத்தில் இருக்கிறார், சுருக்கமாகப் பதில் சொல்லவும்.’ கரண்ட் போய், லேப்டாப்பில் சார்ஜும் இறங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் நான் கத்தியது இது. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் இரண்டு வரி. மாடல் மங்கிவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, விலை கூடிய மாடலுக்கு மாறினேன். அதுவும் இரண்டே வரிதான் சொன்னது, கொஞ்சம் நேர்த்தியாக. ஃபைலைத் திறந்து பார்க்கலாமே என்று தோன்றுவதற்குள் ஒரு மாத பில் வந்துவிட்டது.

பில்லுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபைல் முழுவதும் ஒவ்வொரு கேள்வியோடும் போகிறது. பல மாடல்கள் தமிழை ஆங்கிலத்தைவிடப் பொடிப்பொடியாக, டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்குகின்றன; காசும் டோக்கன் கணக்கில்தான். என் தாய்மொழிப் பற்றுக்கு நானே கட்டிய வரி. காசு போனாலும் வேலை நடந்ததா? ‘தொகையை லட்சம், கோடியில் எழுது, மில்லியன் வேண்டாம்’ என்ற வரி ஃபைலின் நட்டநடுவில் இருந்தது. நீளமான உள்ளீட்டில் நடுவில் கிடப்பதை மாடல்கள் கோட்டைவிடுகின்றன என்று 2023-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. நான் அதைப் படித்தது, மில்லியன் மில்லியனாக ஒரு அறிக்கை வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

அடுத்து, மொத்தத்தையும் அனுப்பாமல், கேள்விக்குத் தொடர்பான குறிப்புகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு. வாக்கியங்களை எண்வரிசைகளாக மாற்றிவைத்து, நெருக்கமாக இருப்பவற்றைப் பொறுக்குவது. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ‘பிடிக்கும்’, ‘ஆகாது’ இரண்டும் ஒரே காயைப் பற்றியதாக இருந்தால், அந்த எண்களின் கணக்கில் அக்கம்பக்கத்து வீடுகள்தான். கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். என் லேப்டாப்பிலேயே என் மனைவி ஒருநாள் எண்ணெய்க் கத்தரிக்காய்க்குப் பக்குவம் கேட்டு, தனக்கு அது உயிர் என்றும் சொல்லியிருக்கிறாள். யார் பேசுகிறார் என்று பிரித்துப் பார்க்க நான் எதுவும் எழுதவில்லை. இரண்டு குறிப்பும் சேர்ந்து வந்ததும் அது இணக்கம் கண்டது: ‘பயனருக்குக் கத்தரிக்காய் மிகவும் பிடிக்கும். சாப்பிட்டால் அரிப்பு வரும். ஆனாலும் அவரால் விட முடிவதில்லை.’

“ஒண்ணும் தப்பில்லையே. பஜ்ஜி விஷயத்துல நீங்க அப்படித்தானே” என்றாள்.

சொந்த மூளை போதவில்லை என்று ஸ்டான்ஃபோர்டின் ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடிப் போனேன். அங்குள்ளவர்களும் கூகுள்காரர்களும் சேர்ந்து 2023-ல் 25 கணினிப் பாத்திரங்களை ஒரு கற்பனை ஊரில் வாழவிட்டார்கள். அவற்றின் நினைவுகளில் எதை மேலே கொண்டுவருவது என்பதற்கு மூன்று அளவுகோல்: எவ்வளவு சமீபத்தியது, எவ்வளவு முக்கியம், கேள்விக்கு எவ்வளவு பொருத்தம். முக்கியத்துக்கு மாடலே 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும். பல் துலக்கினால் குறைவு, காதல் முறிந்தால் அதிகம். அப்படியே காப்பியடித்தேன். கதாபாத்திரங்களுக்கு வகுத்த கணக்கு அது, குடும்பஸ்தனுக்கு அல்ல என்று யோசிக்கவில்லை. வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள்: 4. ‘பயனர் மனைவியின் பிறந்தநாளை மறந்துவிட்டார்; வருத்தத்தில் இருக்கிறார்’: 9.

ஒரு சமாதானக் கடிதம் எழுதித் தரச் சொன்னபோது போய் உட்கார்ந்த குறிப்பு அது. அப்புறம் ஜிஎஸ்டி கேட்டாலும், நிரலில் தப்பு எங்கே என்று கேட்டாலும், முதலில் ஒரு வரி அனுதாபம். பொறுக்கமுடியாமல் ‘அந்தப் பிறந்தநாள் விஷயத்தை மறந்துவிடு’ என்றேன். சரி என்றது. அழிக்கும் வேலையைச் செய்ய நான் நிரலே எழுதவில்லை. எழுத மட்டும்தான் அதற்குத் தெரியும். ஃபைலில் புதிதாக ஒரு வரி: ‘மனைவியின் பிறந்தநாளை மறந்ததைத் தான் மறந்துவிட வேண்டும் என்று பயனர் விரும்புகிறார்.’ மதிப்பெண் 10.

பக்குவம் தேட லேப்டாப்பைத் திறந்தவள் இதை வாசித்துவிட்டாள். கோபப்படவில்லை. “இவ்வளவு எழுதி வெச்சிருக்கே, எம் பிறந்தநாள் என்னைக்குன்னு அதுகிட்ட கேளுங்க” என்றாள்.

கேட்டேன். அந்தத் தேதி குறித்துத் தன்னிடம் குறிப்பு ஏதுமில்லை என்றது.